ஆகாயக் கப்பல் திரும்பி வந்த விதம்

என் மகனுக்கு,

உன்னைப் பெற்றவன் நான் இல்லை. பெற்றவனின் தம்பி, நீ குஞ்சியப்பு என்று கூப்பிடுகிற மனிதன். ஆனாலும் உனக்கு மூன்று வயதாக இருந்தபோது உன் அப்புவின் பாய்க்கப்பல் ரங்கூனிலிருந்து திரும்பாமல் போனது. அன்றிலிருந்து நீ என் தோளில் வளர்ந்தவன். ஆகையால் ‘மகனே’ என்று எழுத நான் எவனிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வல்வெட்டித்துறைக் கரைக்காற்றில் தாள் படபடக்கிறது. எழுத்து வளைந்திருந்தால் காற்றைத்தான் குறை சொல்ல வேண்டும், நான் படித்த ஐந்தாம் வகுப்பை அல்ல.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஆவணியில் இணுவிலில் உனக்குக் கலியாணம் என்று எழுதியிருக்கிறாய். பெண்ணின் தகப்பனார் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் என்றும், வீட்டில் ஒரு அலுமாரி நிறையப் புத்தகம் என்றும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அதற்குக் கீழே எழுதியிருப்பதுதான் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உன் அப்பு ரங்கூனில் கப்பல் கந்தோரில் கிளாக்கராக இருந்து காய்ச்சலில் இறந்தவர் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டாயாம். குஞ்சியப்பு மலாயாவில் றப்பர்த் தோட்டத்தில், லீவு கிடையாது என்றும் சொல்லிவிட்டாயாம். தகப்பன் முறையில் நின்று உன் தலையில் பாலும் அறுகும் வைத்து முழுக வார்க்க, கூட வேலை செய்கிற சினேகிதனின் பெரியப்பாவை ஒழுங்கு பண்ணியிருக்கிறாயாம். கடைசி வரி: ‘உங்கள் ஆகாயக் கப்பல் கதைகள் அந்தச் சபைக்கு ஒத்துவராது, வரவேண்டாம்.’

வருவேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ மிச்சத்தை நிம்மதியாக வாசிக்கலாம். இந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் ஒளிக்க நினைக்காதே. இதன் பிரதி ஒன்று நான் படம் காட்டித் திரிந்த காலத்தில் நோட்டீஸ் அடித்துத் தந்த அச்சுக்கூடத்துக்கும் போகிறது. சிவப்புத் தாளில் அடித்து, மாட்டுவண்டியில் பறை அடித்து, சுன்னாகச் சந்தையிலிருந்து இணுவில் கோயில் வீதிவரை வீசுவேன். படிக்கிறவன் படிக்கட்டும். என் மகனுக்கு நான் எழுதுவதில் மறைக்க ஒன்றும் இல்லை.

முதலில் உன் பொய்யைப் பற்றிக் கதைப்போம். பொய் சொன்னாய் என்று நான் கோபிக்கவில்லை. நான் கோபித்தால் சனம் சிரிக்கும். பேசாத படம் ஓடிய காலத்தில் பத்து வருஷம் திரைக்குப் பக்கத்தில் ஒரு மேசைமேல் ஏறி நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துப் படத்தை விளங்கப்படுத்தினவன் நான். திரையில் இங்கிலீசு எழுத்து வந்து போகும். சனத்துக்கு இங்கிலீசு தெரியாது. எனக்கும் தெரியாது! இதை இதுவரை உனக்குக் கூடச் சொன்னதில்லை. பெரிய எழுத்தில் இருந்தால் ஏ, பி, சி பிடிபடும். நான் மூன்றாம் எழுத்துக்கு வருவதற்குள் அது ஓடிவிடும். ஆகவே முகத்தைப் பார்த்துக் கதையை உண்டாக்கினேன். இந்தியாவிலிருந்து கீரிமலைவரைக்கும் என்னைப்போல விளங்கப்படுத்துகிறவன் மூன்று பேர்தான் என்று சொல்வார்கள். மற்ற இரண்டு பேரின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஒரு முறை அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, எழுத்தைத்தான் இவனுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்றாராம். துபாஷி அதைத் தமிழாக்கிச் சொன்னான். அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், நானும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், அது வேறு.

பிழையும் விட்டிருக்கிறேன். சுன்னாகத்தில் ஒரு நாள் றீல்கள் இடம் மாறிவிட்டன. இரண்டாவது றீலில் செத்துச் சிதையேறின கதாநாயகன் மூன்றாவதில் மாலையும் கழுத்துமாக மணவறையில் இருக்கிறான். சனம் என்னைப் பார்க்கிறது. நான் குழாயை எடுத்து, “இவர் அவரின்ரை தம்பி! ரெட்டைப் பிள்ளையள்!” என்றேன். முன்வரிசைக் கிழவி ஒருத்தி, “தமையன் செத்து எட்டுச் செலவும் முடியேல்லை, அதுக்குள்ளை கலியாணமோ? தூ!” என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்: பொய் சொன்னால் அந்த ஊரின் தீட்டுத் துடக்குக்கும் சடங்குக்கும் அது கட்டுப்பட வேண்டும்.

இனி என் ஆகாயக் கப்பல்கள். ‘கதைகள்’ என்று நீ ஒரு சொல்லில் தள்ளிவிட்டாய். கலியாணம் முடிந்து மனைவியோடு கொழும்பில் குடியிருக்கப் போகிறவன் எதைப் பார்க்க வேண்டும், எதில் பாதியில் எழும்பிப் போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? ‘சனிவளையத்துச் சண்டை’ எங்காவது ஓடினால் பார். பெயர் நான் வைத்தது, இங்கிலீசுப் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு அரசர்களின் ஆகாயக் கப்பல்கள் சனியின் வளையத்தைச் சுற்றி, தேர்வீதியில் தேர் திரும்புவதுபோல் திரும்பித் திரும்பி அடிபடும். நான் அதற்கு வடம்பிடிக்கிற குரல் கொடுத்தேன். கொட்டகையே அரோகரா என்றது. ‘வியாழலோகத்து மாப்பிள்ளை’ கிடைத்தால் உன் மனைவியை அவசியம் கூட்டிப்போ. பூமியிலிருந்து போன ஏழைப்பையன் அந்த லோகத்து அரசகுமாரியைக் கட்டுகிறான். மாமனாருக்கு மூன்று கண். மாப்பிள்ளை பயப்படவில்லை. உன் மாமனாருக்குக் கண்ணாடியோடு நாலு என்று கேள்வி. அதற்காக நீ இப்படி நடுங்குகிறாய்.

இப்போது யாழ்ப்பாணப் பட்டணத்தில் வாரத்துக்கு ஒரு துண்டாக ஓடுகிற பேசும் படத்தையும் பார். கப்பலின் வாலிலிருந்து வருகிற புகை, காற்றே இல்லாத வெளியிலும் குசினி அடுப்புப் புகை மாதிரி மேலே போகிறது. படித்தவர்கள் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள். நீ சிரிக்காதே. புகையைப் பார்க்கவா போனாய்? நான் சொல்கிற ஒரு சோதனையைப் பிடித்துக்கொள். கப்பல் மேலே கிளம்பும்போது கீழே யாராவது நிற்கிறார்களா என்று பார். அண்ணாந்து பார்க்கிற ஒரு முகம் இருந்தால் அது பார்க்கத்தக்க படம், கதிரையை விட்டு அசையாதே. மேலே நட்சத்திரமும் வெடியும் மட்டும் இருந்து கீழே ஒருவரும் இல்லையென்றால் எழும்பி வெளியே போய்க் கடலை வாங்கிச் சாப்பிடு. இதை எந்தப் புத்தக அலுமாரியிலும் நான் படிக்கவில்லை. எனக்குச் சொல்லித்தந்தது உன் அம்மா. எப்படி என்று இன்றுவரை உனக்குச் சொல்லாததுதான் நான் உனக்குச் செய்த பிழை.

உன் அப்புவின் கப்பல் வராமல் போய் இரண்டு வருஷம் இருக்கும். எங்கள் படக் கூடாரம் வல்வெட்டித்துறைக் கரைக்கு வந்தது. படம் ‘நெருப்புவால் கப்பல்’. ஒரு மாலுமி ஆகாயக் கப்பலில் ஏறி, வாலில் நெருப்புக் கக்க, தூர லோகம் ஒன்றுக்குப் போகிறான். முதல் றீலில் ஊர்ச்சனம் முழுக்கக் கூடி நின்று கை காட்டி அனுப்புகிறது, ஒரு நாய்கூட ஓடுகிறது. கடைசி றீலில் அவன் அந்த லோகத்து மணலில் தனியே விழுந்து சாகிறான். மற்ற ஊர்களில் அதை அப்படியே காட்டினோம், நானும் குழாயில் அழுது காட்டினேன். ஆனால் வல்வெட்டித்துறைச் சனம் வேறு. கப்பலென்றால் அவர்கள் சும்மா பார்க்க மாட்டார்கள். படம் தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ரங்கூனுக்கும் நாகபட்டினத்துக்கும் ஓடின கிழட்டுத் தண்டையல் ஒருவர் எழும்பினார். தண்டையல் என்றால் கப்பலை நடத்துகிற தலைவன், உனக்குத் தெரியும். உன் மாமனாருக்காக எழுதுகிறேன்.

“எடேய் குழாய்க்காரா, உந்தக் கப்பல் எந்த வெள்ளியைப் பிடிச்சு ஓடுது?”

“துருவ வெள்ளியை, தண்டையல் அண்ணை.”

“துருவம் அங்கை இல்லையடா விசரா. உது முழுக்கப் பொட்டுப் பொட்டாய்க் குத்தின கறுத்தச் சீலை. உந்த வானத்தை நம்பிப் போனால் உவன் பக்கத்திலை இருக்கிற பருத்தித்துறையும் தாண்டான்.”

“அது பூமியிலை இருந்து பாக்கிற வானம் இல்லை அண்ணை. நீங்கள் அங்கை போனனீங்களே?”

“நான் போகேல்லை. நீ போனனியோ?”

“போன கிழமைதான் வந்தனான்!”

கொட்டகை வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் நான் கூட்டத்தைப் பார்த்தேன். இடப்பக்கம் மணலில் பெண்கள். அவர்களில் பாதிப் பேரின் புருஷன்மார் கடலில். சிலரின் புருஷன்மார் வரவே இல்லை. நடுவில் உன் அம்மா, மடியில் நீ நித்திரை. பொட்டு வைத்திருந்தாள். கப்பலின் பலகை ஒன்றும் கரையொதுங்கவில்லை, ஆகவே எவரும் அவளைப் பொட்டை அழிக்கச் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை. இந்தச் சனத்துக்கு முன்னால் ஒரு மாலுமியை மணலில் சாகவைக்க என் வாய் வரவில்லை.

படம் ஓட்டுகிறவன் குருநகர் அந்தோனி. மெசினுக்குக் கைபிடி உண்டு, கிணற்று உருளைபோலச் சுற்ற வேண்டும். கடைசி றீல் தொடங்கி மாலுமி விழப்போகிற இடத்தில் நான் மேசையிலிருந்து குதித்து ஓடினேன்.

“அந்தோனி, உதைக் கழட்டு! முதல் றீலைப் போட்டுப் பின்னாலை சுத்து!”

“உனக்கென்ன பேய் பிடிச்சிட்டுதோ? எல்லாம் தலைகீழாய் வரும்.”

“வரட்டும். சுத்தடா.”

“மாதாவே!” என்று சிலுவை போட்டுக்கொண்டு அவன் மாட்டினான். அவன் மாட்டுகிற நேரம் முழுக்க நான் வெறும் சீலைக்கு முன்னால் நின்று கதை சொன்னேன். மாலுமி மணலில் மூர்ச்சை, நல்லூர்க் கந்தன் கனவில் வந்து எழும்படா என்கிறான், என்ன சொன்னேனோ எனக்கே தெரியாது. பிறகு கைபிடி பின்னுக்குச் சுற்றியது. மகனே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து கப்பல் இறங்குகிறது. கக்கின நெருப்பையெல்லாம் வாலுக்குள் உறிஞ்சிக்கொண்டு, புகையையும் விழுங்கிக்கொண்டு, மெதுவாகப் பூமியில் வந்து நிற்கிறது. கரை நிறையச் சனம் கை காட்டுகிறது. கதவு திறந்து மாலுமி வெளியே வருகிறான், முதுகு முன்னால்!

“வந்திட்டான்!” என்று குழாயில் கத்தினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. அழுகையா, குரவையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்டையல் மட்டும், “ஏன்ரா எல்லாரும் பின்பக்கமாய் நடக்கிறாங்கள்?” என்றார். “கப்பல் வந்தால் கரையிலை சனம் தள்ளுப்படாதே அண்ணை?” என்றேன். அவர் பெண்கள் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “ஓம், தள்ளுப்படும்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அதுதான், துரையின் புகழ்ச்சி அல்ல.

அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் உன் அம்மா தண்ணீர்ப் பட்டையை இழுத்துக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே தொடங்கினாள்.

“தம்பி, அவன் வரேல்லை.”

“ஆர் மச்சாள்?”

“உம்மடை நெருப்புவால்காரன். அவன் அங்கையே செத்துப்போனான். என்னைப் பொட்டைக் கண்ணி எண்டு நினைச்சீரோ? நாயும் பின்பக்கமாய் ஓடுது.”

“பிழையெண்டால் இண்டைக்கே நிப்பாட்டிறன் மச்சாள்” என்றேன்.

“ஆர் நிப்பாட்டச் சொன்னது? இண்டைக்கும் அப்பிடியே சுத்தச் சொல்லும்.” பட்டையைக் கீழே வைத்தாள். “உம்மடை அண்ணர் கப்பலேறி வெளிக்கிட்ட அண்டைக்கு நான் கரைக்கு வரேல்லை. ஊரெல்லாம் தேங்காய் உடைச்சு நிண்டு கை காட்டினது. நான் ஏதோ ஒரு கோபத்திலை குசினிக்குள்ளை இருந்தனான். என்ன கோபமெண்டு இப்ப ஞாபகமும் இல்லை. நேற்று அந்தக் கரையிலை நிண்ட சனத்தோடை நானும் நிண்டு கை காட்டினனான். இருட்டுக்குள்ளை ஒருத்தரும் பாக்கேல்லை.”

“அது வாற ஆளுக்குக் காட்டின கை எல்லோ மச்சாள்? நான் அப்பிடித்தானே சொன்னனான்?”

“போற ஆளுக்கும் வாற ஆளுக்கும் கை ஒரே மாதிரித்தான் ஆடும் தம்பி. நீர் பின்னாலை சுத்தினாலும் அது மாறேல்லை. நீர் அதைக் கவனிக்கேல்லை, நான் கவனிச்சனான்.”

கூடாரம் ஏழு நாள் நின்றது. ஏழு நாளும் அவள் வந்தாள், ஏழு நாளும் அந்தோனி பின்னாலே சுற்றினான். எட்டாம் நாள் காலையில் அவள் பொட்டை அழித்துவிட்டு முற்றம் கூட்டினாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு அப்போது ஐந்து வயது, அம்மாவின் நெற்றி ஏன் வெறுமையாக இருக்கிறது என்று நீ மட்டும் கேட்டாய். அப்பு தூரத்துக் கப்பலில் போயிருக்கிறார் என்று நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அங்கேதான் பிழை விட்டேன். ஊருக்கெல்லாம் விளங்கப்படுத்தினவன் உனக்கு விளங்கப்படுத்தவில்லை. உன் அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது, அவளும் சொல்லவில்லை. ஆகவே உனக்கு அப்பு இருந்த இடம் ஒரு ஓட்டையாகக் கிடந்து, அதை அடைக்க ஒரு கந்தோர்க் கதிரையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறாய்.

அந்தக் கதிரையைத் தூக்கி எறி. உன் அப்பு கிளாக்கர் இல்லை. கறுத்த வானத்தில் வெள்ளியைப் பிடித்து வங்காளக் கடலைக் குறுக்கே கடந்தவன். சுக்கானில் அவன் கை இருந்தால் மற்றவர்கள் நித்திரை கொள்வார்கள் என்று அந்தத் தண்டையலே சொல்லியிருக்கிறார். இதில் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. கூட்ட இடமும் இல்லை. என் பொய் ஒரு பெண்ணைக் குசினியிலிருந்து எழுப்பிக் கரைக்குக் கொண்டுவந்தது. உன் பொய் யாரை எங்கே கொண்டுவந்தது? கடலோடினவனைக் கொண்டுபோய் மேசைக்கு முன்னால் காய்ச்சலில் படுக்கவைத்தது. என்னை றப்பர்மரத்தில் கட்டிவைத்தது. கட்டினவன் நன்றாகக் கட்டவும் இல்லை. மலாயாவில் இருக்கிறவன் மாதம் ஒரு கடிதமாவது போடமாட்டானா, கலியாணத்துக்கு ஒரு சேலையாவது அனுப்பமாட்டானா என்று அந்தத் தலைமை வாத்தியார் கேட்டால் என்ன செய்வாய்? என்னிடம் வளர்ந்தவன் இவ்வளவு ஓட்டையாகப் பொய் சொல்வதா! எனக்கு அதுதான் முதல் வெட்கம்.

ஆகவே ஆவணியில் நான் வருவேன். விளங்கப்படுத்துகிற நாளில் போட்ட கறுத்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வருவேன். முழங்கை கிழிந்திருக்கிறது, தைத்துக்கொள்வேன். தகரக் குழாயும் கையில் இருக்கும். நீ படலையைத் திறந்துகொண்டு வந்து “குஞ்சியப்பு, வாங்கோ” என்று கூப்பிட்டால் குழாயை வாசலில் சாத்திவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாக உள்ளே வருவேன். கூப்பிடாவிட்டால் வேலிக்கு வெளியே நின்று நானே என்னை அறிவிப்பேன். இவன் இன்னாரின் மகன், இவன் தகப்பன் கடலோடி, தாய் கை காட்டத் தெரிந்தவள், வளர்த்தவன் படத்துக்குக் கதை சொன்னவன் என்று இணுவில் முழுக்கக் கேட்கும். உன் மாமனாருக்கு இங்கிலீசு தெரிந்தால் நல்லது. அவரிடம் நான் நேரே சொல்வேன்: ஐயா, எனக்கு இங்கிலீசில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது, நான் வாசிக்காத படங்களைப் பத்து வருஷம் இந்தக் குடாநாட்டுக்கு விளங்கப்படுத்தினேன், உங்கள் அலுமாரியில் ஆகாயக் கப்பல் கதை ஏதும் இருந்தால் எடுத்து வாசியுங்கள், முடிவு நான் சொல்கிறேன். அவர் நல்ல மனிதரென்றால் சிரிப்பார். சிரிக்கத் தெரியாதவரின் வீட்டில் நீ பெண் எடுக்கிறாயென்றால் அதை இப்போதே தெரிந்துகொள்வது உனக்கு நல்லது.

அந்தச் சினேகிதனின் பெரியப்பா பால் அறுகு வைப்பதை வேலிக்கு வெளியே நின்று நான் பார்க்க மாட்டேன். அவர் தங்கமான மனிதராக இருக்கட்டும். உன் உச்சியில் எந்த இடத்தில் சுழி என்று அவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். இரண்டு சுழி. இரண்டு சுழிக்காரன் சொல்வழி கேளான் என்று உன் அம்மாவிடம் நான் அன்றைக்கே சொன்னேன்.

உன் கடிதத்தை முதலில் ஒரு தரம் நேராக வாசித்தேன். மனம் ஆறவில்லை. பிறகு ஞாபகம் வந்தது, நான் கைபிடியைப் பின்னுக்குச் சுற்றத் தெரிந்தவன். கடைசி வரியிலிருந்து மேலே மேலே வாசித்துப் போனேன். ‘வரவேண்டாம்’ என்று தொடங்குகிறது. பிறகு ஆகாயக் கப்பல், றப்பர்த் தோட்டம், கந்தோர், அலுமாரி, ஆவணி, கலியாணம் என்று ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு போய், ‘அன்புள்ள குஞ்சியப்புவுக்கு’ என்று வந்து நிற்கிறது. அப்படி முடிகிற கடிதத்துக்கு எவன் வராமல் இருப்பான்?

பாலை நீ வாங்கி வை. அறுகு நான் கொண்டு வருகிறேன்.

உன் குஞ்சியப்பு